ஒரே வரியில் சொல்ல முடிகிற செயலி: ஆறு சிறு குறிப்புச் செயலிகள், ஒரு மதிப்பீடு

ஐபோன் வாங்கினால் ஆப்பிள் நோட்ஸ் கூடவே வருகிறது. ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு 2013 முதல் கூகுள் கீப் இருக்கிறது. இரண்டுக்கும் பணம் வேண்டாம். எழுதலாம், படம் சேர்க்கலாம், தேடலாம். இப்படிக் கையிலேயே ஒன்று இருக்கும்போது, நாலைந்து பேர் சேர்ந்து செய்த ஒரு சிறு செயலியை ஒருவர் ஏன் தேடிப்பிடித்து நிறுவ வேண்டும்? இதற்குப் பதில் பயனரின் வாயிலிருந்தே ஒரே வரியில் வர வேண்டும். "திறந்த உடனே எழுதலாம்." "எழுதுவதெல்லாம் சாதாரணக் கோப்பு, எதிலும் திறக்கும்." "செய்தவர்களே நினைத்தாலும் படிக்க முடியாது." நண்பரிடம் இப்படி ஒரு வரி சொல்ல முடிந்தால் அந்தச் செயலி பரவும். சொல்ல முடியாவிட்டால் எத்தனை வசதி இருந்தும் பயனில்லை.

இங்கே எடுத்துக்கொண்டவை டிராஃப்ட்ஸ், அப்சிடியன், பேர் (Bear), சிம்பிள்நோட், ஸ்டாண்டர்ட் நோட்ஸ், ஜாப்லின். சிலவற்றுக்குப் பின்னால் இன்று பெரிய நிறுவனம் இருக்கிறது என்றாலும் செயலி என்ற அளவில் எல்லாமே சிறியவைதான். ஒவ்வொன்றின் வரி என்ன, அதைச் செயலி காப்பாற்றுகிறதா, அதற்காகப் பயனர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதே நம் அளவுகோல்.

சிறு செயலிகளுக்கு இடம் கிடைத்ததற்குப் பெரிய காரணம் எவர்நோட். 2008இல் வந்தது. பல ஆண்டுகள் குறிப்பு என்றாலே அதுதான். 2016இல் இலவசக் கணக்கை இரண்டு சாதனங்களோடு நிறுத்தினார்கள். 2022 இறுதியில் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலிய நிறுவனம் அதை வாங்குவதாக அறிவித்தது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்கின் எல்லை 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்புக் என்று சுருங்கியது. ஆயிரக்கணக்கில் குறிப்பு சேர்த்தவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு: உள்ளே போகும் வழியைப் பார்ப்பதற்கு முன் வெளியே வரும் வழியைப் பார்க்க வேண்டும். கீழே உள்ள செயலிகளில் பல, எவர்நோட்டிலிருந்து குறிப்புகளை வெளியே எடுக்கும் எனெக்ஸ் கோப்பை உள்வாங்கும் வசதியைச் சும்மா வைத்திருக்கவில்லை. அப்படி வெளியேறுகிறவர்தான் அவர்களுடைய அடுத்த பயனர்.

டிராஃப்ட்ஸ்: வெற்றுப் பக்கம்

டிராஃப்ட்ஸைத் திறந்தால் பட்டியல் வராது, கோப்புறை வராது. வெற்றுப் பக்கமும் துடிக்கும் கர்சரும் தயாராக நிற்கும் கீபோர்டும்தான். 2012இல் வந்ததிலிருந்து இந்த ஒன்றை அவர்கள் மாற்றவில்லை. முதலில் எழுது, எங்கே போக வேண்டும் என்பதைப் பிறகு முடிவு செய். எழுதி முடித்த வரியை மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ நாட்காட்டிக்கோ ஒரு கோப்பின் கடைசிக்கோ அனுப்ப 'ஆக்‌ஷன்' என்ற பொத்தான்கள் இருக்கின்றன.

நிறுவியதும் ஒரு அமைப்பை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். செயலியை விட்டு வெளியே போய் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பினால் புதுப்பக்கம் வர வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. அதை மிகக் குறைவாக வைத்தால், பாதி எழுதிவிட்டு ஒரு எண்ணைப் பார்த்து எடுத்துவரப் போய்த் திரும்பும்போது எழுதியது கண்ணில் படாது. இன்பாக்ஸில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் புதியவர் தொலைந்துவிட்டது என்றே பதறுவார். இரண்டு மூன்று நிமிடம் என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

குறை என்றால், ஆப்பிள் சாதனங்களுக்கு வெளியே இது கிடையாது. சொந்தமாக ஆக்‌ஷன் உருவாக்கவும் திருத்தவும் சந்தா வேண்டும். வாரம் ஒருமுறை இன்பாக்ஸைக் காலி செய்யாதவரிடம் இது அடைசலாகிவிடும். குறிப்பைச் சேமித்து வைக்கும் அலமாரியாக இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். குறிப்பு நுழையும் வாசலாக இதைவிட நல்லது தெரியவில்லை.

செயலி செய்பவர்கள் இதிலிருந்து எடுக்க வேண்டியது வேகம். ஒரு ஆண்ட்ராய்டு செயலி முழுதாக மூடிய நிலையிலிருந்து திறக்க 5 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அது மிதமிஞ்சிய தாமதம் என்று கூகுள் கணக்கு வைத்திருக்கிறது. குறிப்புச் செயலியில் 2 நொடியே அதிகம், அதற்குள் சொல்ல வந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மறந்துவிடும். தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் நான்கு இடங்கள்: முதலில் நிற்கும் உள்நுழைவுத் திரை, பட்டியலைக் காட்டுவதற்கு முன்பே சர்வரோடு பேசுவது, தரவுத்தளம் முழுக்கத் திறக்கும்வரை காத்திருப்பது, எழுதும் பகுதியை ஒரு இணையப் பக்கமாகச் செய்து அதை ஏற்றுவது. எழுதும் பெட்டியை முதலில் வரைந்து கீபோர்டை எழுப்பிவிடலாம். தட்டிய எழுத்துகளை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதிக்கொண்டே தரவுத்தளத்தைப் பின்னால் திறக்கலாம். கணக்குத் திறக்கச் சொல்வது, இரண்டாவது சாதனத்தில் குறிப்பு வேண்டும் என்று பயனர் கேட்கும்போது போதும்.

அப்சிடியன்: கோப்பு உங்களுடையது

2020இல் இருவர் தொடங்கியது. குறிப்புகள் ஒரு சாதாரணக் கோப்புறையில் மார்க்டவுன் (*, # போன்ற குறிகளால் வடிவமைக்கும் வெறும் எழுத்து) கோப்புகளாக இருக்கின்றன. அந்தக் கோப்புறைக்கு 'வால்ட்' என்று பெயர். செயலியை அழித்தாலும் கோப்புறை அப்படியே இருக்கும், எந்த எழுத்துத் திருத்தியிலும் திறக்கும். [[ என்று தட்டினால் இன்னொரு குறிப்புக்கு இணைப்பு. இதன் மூல நிரல் எல்லோரும் பார்க்கத் திறந்ததல்ல. ஆனாலும் மூல நிரலைப் பற்றிக் கறாராக இருப்பவர்கள்கூட இதை நம்பிப் பயன்படுத்துவதற்குக் காரணம், நம்ப வேண்டியது செயலியை அல்ல, கோப்புறையை என்பதுதான். சொந்த உபயோகத்துக்கு இலவசம். 2025 பிப்ரவரி முதல் அலுவலக வேலைக்கும் உரிமக் கட்டணம் கட்டாயமில்லை. பணம் ஒத்திசைவுக்கும் (எல்லாச் சாதனங்களிலும் ஒரே குறிப்பு இருக்கச் செய்வது) இணையத்தில் வெளியிடும் சேவைக்கும்தான். குறிப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்காமல், செய்து தரும் வேலைக்குப் பணம் கேட்கும் இந்த ஏற்பாட்டை மனமார மதிக்கிறோம்.

ஆனால் சும்மா நிறுவிவிட்டு விட்டால் சில இடங்களில் இடிக்கும்.

படங்கள்: ஒட்டும் படமெல்லாம் வால்டின் மேல்தட்டிலேயே போய் விழும். அமைப்புகளில் கோப்புகளும் இணைப்புகளும் என்ற பகுதிக்குப் போய், புதிதாக ஒட்டும் படங்களுக்கு ஒரு துணைக் கோப்புறையை முதல் நாளே குறித்துவிடுங்கள். ஐந்நூறு படம் சிதறிய பிறகு அடுக்குவது பெரும்பாடு.

இணைப்புகள்: [[ ]] முறை எல்லாச் செயலிகளுக்கும் புரியாது. நாளை வேறிடம் போகக்கூடும் என்று நினைப்பவர் அதே பகுதியில் 'விக்கிலிங்க்ஸ்' என்ற தேர்வை அணைத்துவிடலாம். அதற்குப் பிறகு இடும் இணைப்புகள் வழக்கமான மார்க்டவுன் வடிவில் எழுதப்படும். ஏற்கெனவே இட்டவை தாமாக மாறாது.

ஒத்திசைவு: ஒரே வால்டில் இரண்டு ஒத்திசைவுச் சேவைகளை ஓடவிடக் கூடாது. ஐகிளவுட் ஒரு பக்கம், அப்சிடியனின் சொந்தச் சேவை இன்னொரு பக்கம் என்று இருந்தால், ஒன்று எழுதியதை மற்றொன்று வெளியிலிருந்து வந்த மாற்றமாக நினைத்து மறுபடி அனுப்பும். ஒரே குறிப்புக்கு இரண்டு மூன்று நகல் முளைப்பதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

பிளகின்கள்: பிறர் செய்து தரும் கூடுதல் வசதிகள். இவை செயலிக்குள் முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. முதலில் அணைத்தே தருகிறார்கள், அது நியாயமான முடிவு. போனில் திறக்க நேரமாகிறது என்று சலிப்பவர் பிளகின்களை எல்லாம் அணைத்து ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, பாதி பாதியாக இயக்கிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொன்று. இங்கே குறிப்பின் தலைப்பே கோப்பின் பெயர். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். 'கி' என்பதில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என இரண்டு குறியீடு. .md என்ற பின்னொட்டையும் கழித்தால் 84 குறியீட்டோடு பெயர் முடிந்தாக வேண்டும். விண்டோஸ் இந்த எல்லையைப் பைட்டில் அளப்பதில்லை. ஆகவே அங்கே நன்றாக இருந்த ஒரு நீளத் தலைப்பு ஆண்ட்ராய்டு போனுக்கு வராமலே நின்றுபோகலாம். தலைப்பை ஏழெட்டுச் சொல்லுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

பேர்

கரடிச் சின்னத்தோடு 2016இல் வந்த 'பேர்', இத்தாலியின் ஷைனி ஃபிராக் குழு செய்தது. 2017இல் ஆப்பிளின் வடிவமைப்பு விருது பெற்றது. இதன் ஒரு வரி, எழுத அழகான இடம். எழுத்துரு, வரி இடைவெளி, விளிம்பு எல்லாவற்றிலும் ஒரு அக்கறை தெரிகிறது. கோப்புறை கிடையாது. வரிக்கு நடுவில் # போட்டு எழுதினால் அதுவே டேக், நடுவில் சாய்கோடு போட்டால் உள்டேக். இரண்டு சொல் டேக் என்றால் கடைசியிலும் ஒரு # போட்டு மூட வேண்டும். மறந்தால் முதல் சொல்லோடு நின்றுவிடும். ஒருமை பன்மை மாறினாலும் அது புது டேக். மாதம் ஒருமுறை பக்கப்பட்டியைப் பார்த்து ஒத்தவற்றைச் சேர்த்துவிடுவது நல்லது.

2023இல் வந்த இரண்டாம் பதிப்பு அட்டவணையையும், எந்தக் குறிப்பு எதைச் சுட்டுகிறது என்று காட்டும் வசதியையும் கொண்டுவந்தது. குறிப்புகள் எல்லாம் எஸ்க்யூலைட் என்ற வகைத் தரவுத்தளம் ஒன்றில் இருக்கின்றன. அப்சிடியன் போல நேராகக் கோப்பைத் தொட முடியாது. எக்ஸ்போர்ட் செய்யும்போது படங்களும் கூட வர வேண்டும் என்றால் டெக்ஸ்ட்பண்டில் வடிவைத் தேர்ந்தெடுங்கள். அதில் எழுத்தும் படமும் ஒரே பொதியாக வரும். ஒத்திசைவுக்குச் சந்தா. அழகை ஒரு வரியாக வைத்துக்கொண்டு நிற்பது மிகக் கடினம், ஏனென்றால் அதை ஒவ்வொரு ஆண்டும் புதிதாக நிரூபிக்க வேண்டும். இவர்கள் நிரூபித்துவருகிறார்கள்.

சிம்பிள்நோட், ஸ்டாண்டர்ட் நோட்ஸ், ஜாப்லின்

சிம்பிள்நோட் வெறும் எழுத்து. படம் கிடையாது. ஐபோன், ஆண்ட்ராய்டு, மேக், விண்டோஸ், லினக்ஸ், இணையம் என எங்கும் கிடைக்கிறது, முற்றிலும் இலவசம். வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் 2013இல் இதை வாங்கி, 2016இல் செயலிகளின் நிரலைத் திறந்தது. ஒரு குறிப்பின் பழைய வடிவங்களுக்கு ஒரு பட்டையை இழுத்தே திரும்பிப்போகும் வசதி இன்றும் இதில்தான் மிக எளிது. எழுதியவரைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முனைக்கு முனை மறையாக்கம் இல்லை, ஆகவே கடவுச்சொல், வங்கி விவரம் போன்றவற்றை இதில் எழுதவே கூடாது. எங்கள் தயக்கம் வேறு. போனிலிருக்கும் செயலியும் இலவசம் என்னும்போது, இலவசம் என்பது ஒரு வரி ஆகாது.

ஸ்டாண்டர்ட் நோட்ஸின் வரியில் குழப்பமே இல்லை: சர்வரில் இருப்பதை யாரும் படிக்க முடியாது. 2024 ஏப்ரலில் இது, மறையாக்கிய மின்னஞ்சல் சேவை நடத்தும் புரோட்டான் நிறுவனத்தோடு சேர்ந்தது, பொருத்தமான இடம். இதற்குப் பயனர் தரும் விலை, கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத்தர யாராலும் முடியாது என்பது. கணக்குத் திறந்த அன்றே கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள். பேக்கப் எடுக்கும்போது மறையாக்கியதா, திறந்ததா என்று கேட்கும். திறந்ததை எடுத்துவிட்டு டவுன்லோடு கோப்புறையிலேயே விட்டால் இந்தச் செயலியைப் பயன்படுத்தியதற்கே பொருளில்லை. இலவசக் கணக்கில் எளிய எழுத்து மட்டும்தான்.

ஜாப்லின் திறமூலம். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட், வெப்டாவ் என்று நமக்குப் பிடித்த இடத்தில் குறிப்பை வைத்துக்கொள்ளலாம். மறையாக்கத்தை இயக்குவதில் வரிசை முக்கியம். ஒரே ஒரு சாதனத்தில் இயக்கி, அது முழுவதும் ஒத்திசைந்து முடியும்வரை காத்திருந்து, பிறகே மற்றச் சாதனங்களில் ஒத்திசைத்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் இயக்கினால் ஒவ்வொன்றும் தனிச் சாவி உருவாக்கிக்கொள்ளும். டிராப்பாக்ஸில் போய்ப் பார்த்தால் உங்கள் தலைப்புகள் இருக்காது, 32 எழுத்து எண் கலந்த பெயர்கள்தான் இருக்கும். படிக்கக்கூடிய கோப்பு வேண்டுமென்றால் மார்க்டவுனாகத் தனியே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். உள்ளே அருமையான இயந்திரம். திரையின் தோற்றம்தான் புதியவரை முதல் நாளே களைப்படையச் செய்கிறது. இவ்வளவு நல்ல உழைப்புக்கு அதற்கேற்ற முகப்பு அமையவில்லையே என்ற வருத்தம் உண்டு.

நிறுவும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை

எந்தச் செயலியானாலும் பத்து நிமிடத்தில் அதன் நேர்மையைப் பார்த்துவிடலாம். இரண்டு சாதனங்களில் ஒரே குறிப்பைத் திறந்து இரண்டையும் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஒன்றில் மூன்றாம் வரியை மாற்றுங்கள், மற்றதிலும் அதே மூன்றாம் வரியை வேறு மாதிரி மாற்றுங்கள். இரண்டையும் இணையத்தில் சேருங்கள். இரண்டு மாற்றமும் சேர்ந்து வந்தாலும் சரி, இரண்டு நகலாக வந்தாலும் சரி. ஜாப்லின் மோதியதைத் தனி நோட்புக்கில் போட்டுவைக்கிறது, அதுவும் சரி. ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போனால் அந்தச் செயலியை அன்றே நீக்கிவிடுங்கள். கடைசியாகத் திருத்திய நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் செயலிகளில் இது நடக்கும். ஒரு சாதனத்தின் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடினால் பழைய வடிவம் புதியதை விழுங்கிவிடும். ஒவ்வொரு குறிப்போடும் கடைசியாக ஒத்திசைந்த வடிவத்தை வைத்திருந்து, அதோடு இரண்டையும் ஒப்பிட்டுச் சேர்ப்பதே சரியான வழி. ஒருவர் அழித்து மற்றவர் திருத்தியிருந்தால் திருத்தியதே வெல்ல வேண்டும்.

கடைப் பக்கமும் செயலியின் பகுதிதான்

ஆப்பிளின் செயலிக் கடையில் பெயருக்கு 30 எழுத்து, துணைத் தலைப்புக்கு 30, தேடல் சொற்களுக்கு 100. கூகுள் கடையில் பெயருக்கு 30, சிறு விளக்கத்துக்கு 80. இவ்வளவு குறுகிய இடத்தில் எளிமை, வேகம், அழகு என்று மூன்று பொதுச் சொல்லைப் போட்டு வீணாக்குகிறவர்கள் ஏராளம். அந்த ஒரு வரி துணைத் தலைப்பில் இருக்க வேண்டும், முதல் ஸ்கிரீன்ஷாட்டில் அது நடந்துகொண்டிருக்க வேண்டும். பெயரில் வந்த சொல்லை 100 எழுத்துக்குள் மறுபடி போடத் தேவையில்லை. மதிப்பெண் கேட்கும் பெட்டியை ஆப்பிள் 365 நாளில் மூன்று முறைதான் காட்ட விடும். அதைத் திறந்த உடனே காட்டிச் செலவழிக்காமல், பயனர் ஒரு பழைய குறிப்பைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு காட்டுவது நல்ல முறை.

யாரும் பிடிக்காத இடம்

புதிதாக வருபவருக்கு வரி எதுவும் மிச்சமில்லையா என்றால், தமிழில் எழுதுபவருக்குத் தெரியும், பெரிய இடம் ஒன்று காலியாகக் கிடக்கிறது. தேடல்.

பல சிறு செயலிகள் எஸ்க்யூலைட்டோடு வரும் எஃப்டிஎஸ்5 என்ற தேடல் வசதியை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. அதில் வழக்கமாக வரும் யூனிகோட்61 என்ற சொற்பிரிப்பான், எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கருதும். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோட் கணக்கில் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. ஆகவே அவற்றை இடைவெளியாக நினைத்து அங்கே சொல்லை வெட்டிவிடும். 'கொடி' என்பது க, ட என்று இரண்டு துண்டாகும். 'காடு' என்பதும் க, ட. 'கூடை'யும் க, ட. கொடியைத் தேடினால் காடும் கூடையும் சேர்ந்து வந்து நிற்கும். சரிசெய்ய, தேடல் அட்டவணையை உருவாக்கும்போது சொற்பிரிப்பானின் வகைப் பட்டியலில் எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்த்தால் போதும், ஒரே வரி மாற்றம்.

அடுத்து, 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் தமிழ்ச் சொல் அப்படியே நிற்காது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' என்று எழுதிய குறிப்பு வராது, ஏனென்றால் மகரம் போய்த் 'த்து' வந்துவிட்டது. வீடு வீட்டில் ஆகிறது, ஆறு ஆற்றில் ஆகிறது. முழு இலக்கணப் பகுப்பாய்வி தேவையில்லை. தேடும் சொல் 'ம்' என முடிந்தால் அதை நீக்கி 'த்த்' சேர்த்த வடிவில் தொடங்கும் சொற்களையும், 'டு' என முடிந்தால் 'ட்ட்', 'று' என முடிந்தால் 'ற்ற்' வடிவில் தொடங்குபவற்றையும் கூடவே தேடினால் பெரும்பகுதி கிடைத்துவிடும். த் முதலான மெய்களோடு உயிர்க்குறி சேரும்போது புள்ளி மறையும் என்பதால், ஒப்பிடும்போது கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு 'மரத்த' என்று தேட வேண்டும்.

மூன்று குறியீடுகளாக வெட்டி அட்டவணையிடும் டிரைகிராம் முறை 2020 டிசம்பரில் வந்த 3.34 பதிப்பு முதல் எஸ்க்யூலைட்டில் இருக்கிறது. சொல்லின் நடுவிலிருந்தும் தேட அது உதவும். ஆனால் 'பூ', 'கை' போன்றவை இரண்டே குறியீடு என்பதால் அதில் சிக்காது. உண்மையில் சில ஆயிரம் குறிப்புக்கு தேடல் அட்டவணையே வேண்டாம். பத்தாயிரம் குறிப்பு, குறிப்புக்கு 2 கிலோபைட் என்றாலும் மொத்தம் 20 மெகாபைட். என்எஃப்சி ஆக்கிய எழுத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டித் தேடினாலே இன்றைய போனில் தடங்கல் தெரியாது.

உங்கள் கையிலிருக்கும் செயலி எங்கே நிற்கிறது என்று பார்க்க ஐந்து குறிப்பு போதும். கொடி, காடு, மரத்தில், வீட்டுக்கு, பூ என்று ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை எழுதிவிட்டு, கொடி, மரம், வீடு, பூ என்று நான்கையும் தேடுங்கள். நான்குக்கும் சரியான குறிப்பு மட்டும் வந்தால், அந்தச் செயலியை நண்பரிடம் சொல்ல உங்களுக்கு ஒரு வரி கிடைத்துவிட்டது: "இதில் தமிழில் தேடினால் கிடைக்கிறது."